போளி இல்லாத முதல் பந்தி

ஆதிரா, அகில், இரண்டு பேரும் கேளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் போன் இரண்டையும் பிடுங்கி, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நான் பெரிய சாதனை செய்தவன் போலக் கூடத்துக்கு நடந்து வந்தேன் அல்லவா? அப்போது உங்கள் அம்மா அடுக்களையிலிருந்து தலையை நீட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கேட்டைப் பூட்டியாச்சா? விசில் எங்க?" அவ்வளவுதான். பிறகு தேங்காய் துருவுவதையும் விட்டுவிட்டு அரைமணி நேரம் சிரித்தாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன். என்ன விசில், எந்தக் கேட் என்று நீங்கள் கேட்டதற்கு, "அதை உங்க அப்பா வாயாலயே கேளுங்க" என்று சொல்லிவிட்டாளாம்.

வாயால் சொன்னால் வரிக்கு வரி உங்கள் அம்மா திருத்தம் போடுவாள். அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் எழுத்து, பார்த்து வாசியுங்கள். (மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் உங்களுக்குத் தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்க நேரமாகும் என்பது எனக்குத் தெரியும். அது ஒரு வகையில் நல்லது. மானம் மெதுவாகப் போனால் வலி குறைவு.)

ஒன்றை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அம்மா வீட்டுக் கல்யாணம் எதிலும் சாப்பாட்டு ஹால் வாசலில் என்னை நிற்க விடமாட்டார்கள். தெரியாமல் அந்தப் பக்கம் போனால்கூட உங்கள் மாமா ஓடிவந்து தோளில் கைபோட்டு, "அத்தான், நீங்க போய் வண்டி நிறுத்துற இடத்தைப் பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார். வண்டி நிறுத்துகிற இடத்தில் கதவு கிடையாது. அதுதான் காரணம்.

நீங்கள் யாரும் பிறப்பதற்கு முன்பு நடந்தது இது. எனக்கு வயது இருபத்தாறு. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. வலியசாலை அக்ரகாரத்தில் கிட்டு சாமி என்பவர் கல்யாணச் சமையல் எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். நான் அவரிடம் பந்தி விளம்புகிறவன். அதாவது பரிமாறுகிறவன். இலை எடுப்பதில் தொடங்கி, உப்பு, ஊறுகாய், பப்படம், சாம்பார் என்று ஒவ்வொரு வாளியாகப் பதவி உயர்வு பெற்று, கடைசியில் "வாசல் பொறுப்பு" என்ற பெரிய இடத்துக்கு வந்திருந்தேன். பந்தி முடிந்து அடுத்த பந்திக்கு ஆட்களை உள்ளே விடுகிற வேலை. சம்பளம் அதே சம்பளம்தான். ஆனால் கையில் வாளி இல்லை. வாளி இல்லாதவனுக்கு ஒரு மரியாதை உண்டு என்று நான் நம்பினேன்.

அந்த மரியாதை எனக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. பெண் கேட்டுப் போன இரண்டு வீட்டிலும் "எச்சில் இலை எடுக்கிற பையனுக்கா?" என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவதாக ஒரு பேச்சு வந்தது. எங்களோடு பரிமாறுகிற சசி அண்ணன், வித்துராக்காரர், அவர்தான் கொண்டுவந்தார். சாலைக் கடைவீதியில் வாழை இலை மொத்த வியாபாரம் செய்கிற நாகலிங்கம் என்பவரின் மகள். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அவர் கடை இலையில்தான் நான் தினமும் பரிமாறுகிறேன் என்றாலும், ஆளை நான் பார்த்ததில்லை. இலை வண்டியில் வரும், அவர் வரமாட்டார்.

"அப்பி, அயாள் நின்னெ காணான் வரும்" என்றார் சசி அண்ணன். (திருவனந்தபுரத்தில் அப்பி என்றால் தம்பி, பையா என்று அர்த்தம். இது உங்களுக்கே தெரியும்.) "வியாழாழ்ச்ச, கரமனைக் கல்யாணத்துக்கு. எப்ப வருவார், எப்படி இருப்பார்னு சொல்ல மாட்டேன். ஆளை வேலையில வச்சுப் பாக்கணுமாம். சொன்னா நீ நடிச்சிடுவே."

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் கெட்ட நேரம் ஒளிந்திருந்தது. வேலையில் வைத்துப் பார்க்க வருகிறார். அப்படியென்றால் நான் வேலை செய்கிறவனாகத் தெரியக்கூடாது, வேலை வாங்குகிறவனாகத் தெரிய வேண்டும். நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

இந்த ஊர்க் கல்யாணம் உங்களுக்குத் தெரியும். தாலி கட்டும் நேரத்தில் மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் போட்டோக்காரரும் பெண்ணின் அம்மாவும் மட்டும்தான். மற்றவர்கள் உடம்பு நாற்காலியில் இருக்கும், காது மேளத்தில் இருக்கும், கால் சாப்பாட்டு ஹால் பக்கம் திரும்பியிருக்கும். மேளம் உச்சத்துக்கு ஏறியதும் பாதிக் கூட்டம் எழுந்துவிடும். கதவு திறந்தால் ஒரே பாய்ச்சல். முதல் பந்தி கிடைக்காதவர்கள் சாப்பிடுகிறவர்களின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உட்கார்ந்திருப்பவர் மோர் வாங்குவாரா, இல்லை பாயசத்தோடு எழுந்துவிடுவாரா என்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்படிப்பட்ட பார்வைக்கு நடுவில் சாப்பிட்டுப் பழகிய ஊர் இது. யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை. லீவு நாளில் எவனாவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் நானும் அப்படித்தான் நிற்பேன்.

ஆனால் அந்த வியாழக்கிழமை நான் இந்த ஊரையே திருத்தப் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன். சாலைக் கடைவீதியில் போய் ஒரு விசில் வாங்கினேன், கழுத்தில் மாட்டுகிற சிவப்புக் கயிற்றோடு. இரண்டு பெரிய பூட்டு. ஒரு பிரம்பு. (அடிப்பதற்கு இல்லை. சும்மா கையில் இருக்கட்டும் என்று.) ஒரு பெரிய காகிதத்தில் "வரிசையாக வரவும். தள்ளுவோருக்கு அனுமதி இல்லை" என்று சசி அண்ணனிடம் மலையாளத்தில் எழுதி வாங்கி ஹால் வாசலில் ஒட்டினேன்.

கிட்டு சாமி காலையில் என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏண்டா பரமசிவம், கழுத்துல என்னடா?"

"விசில் சாமி."

"பந்தி விளம்பறதுக்கு விசில் எதுக்குடா? ஃபுட்பாலா ஆடப் போறோம்?"

"டிசிப்ளின் சாமி. போன தடவை தள்ளின தள்ளுல சாம்பார் வாளி கவிழ்ந்துச்சே. இன்னிக்கு ஒரு சொட்டு சிந்தாது."

"எனக்கு என்னமோ நல்லதாப் படலே. பிள்ளையாத்துக்காரா முதல் பந்தியில ஒக்காரணும். ஒன்றரைக்கு ராகுகாலம், அதுக்குள்ள அவா கிளம்பியாகணும். அதை மட்டும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு மறுபடி பாயச உருளிக்குத் திரும்பினார்.

அன்று கட்டளைப்படி பந்திக்கு முந்நூறு இலை. மண்டபத்தில் எண்ணூறு பேராவது இருப்பார்கள். சாப்பாட்டு ஹாலுக்கு முன்வாசலில் ஒரு கம்பி கேட். இரண்டு பக்கமும் இழுத்து நடுவில் சேர்க்கிற மாதிரி, கட்டம் கட்டமாக மடங்கும் கேட். சமையல்கட்டுப் பக்கம் ஒரு பின்வாசல். அந்தப் பின்வாசல் வழியாகத்தான் சாமர்த்தியசாலிகள் முதலிலேயே உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் முதலில் அதைப் பூட்டினேன். அந்தச் சாவியை என்னிடம் வைத்திருந்தால் யாராவது சிபாரிசுக்கு வருவார்கள் என்று நினைத்து, சசி அண்ணனிடம் கொடுத்து, "அண்ணே, நீங்க வெளியில நில்லுங்க. யாரு கேட்டாலும் கொடுக்காதீங்க" என்றேன். அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய மூளையாகத் தெரிந்தது. பிறகு முன்பக்கக் கேட்டை இழுத்துச் சேர்த்து, கொக்கியை மாட்டி, பூட்டைப் போட்டுவிட்டு உள்பக்கம் நின்றுகொண்டேன். பின்னால் முந்நூறு இலை. உப்பு, இஞ்சிப் புளி, மாங்காய், அவியல், தோரன், பச்சடி எல்லாம் வைத்தாகிவிட்டது. ஓரத்தில் சில பெண்கள் அடுத்த பந்திக்கு இலை துடைத்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் இரண்டு பெரிய கூடை நிறைய போளி. நெய் மணம் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

மேடையில் இன்னும் மேளம்கூட ஆரம்பிக்கவில்லை. முதல் ஆள் வந்தார். காற்று வாங்க வந்தவர் மாதிரி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். அவர் நின்றதைப் பார்த்து இரண்டாவது ஆள் வந்தார். முதல் ஆள் உடனே அரை அடி முன்னால் நகர்ந்தார். அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. தாலி கட்டி முடிவதற்குள் வராந்தா முழுக்கத் தலை. நான் ஒட்டிய காகிதத்தை ஒருவர் கிழித்து முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில், கேட்டோடு ஒட்டி, நீலச் சட்டை போட்ட ஒரு பெரியவர். (அவரை இப்போதைக்கு நீலச் சட்டைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். ஆதிரா, சிரிக்காதே.)

"தம்பி, இலை போட்டாச்சா?" என்றார்.

"போட்டாச்சு. நீங்க தள்ளாம நில்லுங்க."

"நானா தள்ளுதேன்? பின்னால நிக்கவன்லா தள்ளுதான்."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. கம்பியிலேருந்து விரலை எடுங்க."

எடுக்கவில்லை. பிரம்பால் விரலில் லேசாக ஒரு தட்டு தட்டினேன். (லேசாகத்தான். அவர் இன்றுவரை பலமாக என்பார்.) அதோடு விட்டிருக்கலாம். மாமனாராக வரப்போகிறவர் எங்கேயோ நின்று என் கம்பீரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பில், கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி, "பெரியவரே, சோறு கண்டதே இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். இதை எழுதும்போது எனக்குக் காது சுடுகிறது.

பன்னிரண்டு அடித்தது. கூட்டத்தின் கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்றார்கள். முதல் பந்தியில் உட்கார வேண்டியவர்கள் கடைசியில். முன்னால் எண்ணூறு முதுகு. பெண்ணின் அப்பா கையை உயர்த்தி, "தொறக்கெடோ!" என்று கத்தினார்.

நேரம் வந்துவிட்டது என்று நான் விசிலை எடுத்து ஊதினேன். விசில் சத்தம் கேட்டால் எல்லோரும் அப்படியே அமைதியாக நிற்பார்கள், பிறகு "வரிசை!" என்று உத்தரவு போடலாம் என்பது என் கணக்கு. கிழக்கேகோட்டையில் தினமும் பஸ் ஏறுகிற ஜனங்கள் அவர்கள் என்பதை நான் மறந்துவிட்டேன். விசில் என்றால் அவர்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். வண்டி புறப்படுகிறது, தொற்றிக்கொள்.

எண்ணூறு பேரும் ஏறப் பார்த்தார்கள்.

கேட் உள்பக்கமாக வயிறு தள்ளியது. நான் சாவியைப் போட்டுத் திருகினேன். பூட்டு திறந்தது. கொக்கி வரவில்லை. அத்தனை பேர் கனமும் அந்த ஒரு கொக்கியில் இறுகி நின்றது. ஒரு விரற்கடை பின்னால் போனால் போதும், கொக்கி கழன்றுவிடும்.

"எல்லாரும் ஒரு அடி பின்னால போங்க! போனாத்தான் திறக்கும்!"

"ஆத்யம் அவரு மாறட்டே" என்றார் ஒருவர், பக்கத்தில் இருப்பவரைக் காட்டி. முதலில் அவர் நகரட்டுமாம்.

"ஞான் மாறியா இவன் கேறும்" என்றார் அந்தப் பக்கத்துக்காரர். அவர் நகர்ந்தால் இவர் உள்ளே ஏறிவிடுவாராம்.

பொல்லாதவர்கள் என்று நினைக்காதீர்கள். பட்டும் ஜரிகைக் கசவு வேட்டியும் உடுத்தி, மொய்க்கவர் கையில் வைத்திருந்த நல்ல மனிதர்கள். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய ஒரு ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் இருந்தார். அவர் முழங்கையால் ஒரு வக்கீலை நகர்த்திக்கொண்டிருந்தார். ஒருவரும் ஒரு அடி கொடுக்கத் தயாரில்லை. நான் கெஞ்சினேன். பிரம்பால் கேட்டைத் தட்டினேன். மறுபடி விசில் ஊதினேன், மறுபடி ஒரு பஸ் புறப்பட்டது. கடைசியில் தொண்டை கிழிய, "வரிசையில நிக்காதவங்களுக்கு இன்னிக்குச் சாப்பாடே கிடையாது!" என்று மிரட்டினேன்.

சாப்பாடு கிடையாது என்ற வார்த்தை மட்டும் பின்வரிசை வரை போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு வந்த தள்ளுதான் தள்ளு. கேட்டின் மேல்பக்கத்தில் ஒரு ஆணி 'டக்' என்று தெறித்தது. நீலச் சட்டைக்காரர் கன்னம் கம்பிக் கட்டத்துக்குள் பிதுங்கியது. அவருக்கு மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

அந்த நேரத்தில் பின்னால் ஒரு பெண் குரல். "அய்யோ, அப்பா!"

இலை துடைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி, காலையில் இலை வண்டியோடு வந்தவள். தோளில் ஈரத்துணி.

"எந்த அப்பா?" என்றேன். விசில் வாயில் இருந்ததால் பாதி சத்தமாகத்தான் வந்தது.

"அந்த நீலச் சட்டை. எங்க அப்பா. சாலை இலைக்கடை."

நான் கையிலிருந்த பிரம்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"முழிச்சிட்டு நிக்காதீங்க. பின்வாசலைத் திறங்க" என்றாள்.

"பூட்டியிருக்கு."

"சாவி?"

"சசி அண்ணன்கிட்ட."

"அவரு எங்க?"

நான் கையைக் காட்டினேன். எண்ணூறு தலைக்கு அப்பால், வராந்தாவின் கடைசித் தூணில் சாய்ந்துகொண்டு சசி அண்ணன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். நான் கை காட்டியதைப் பார்த்ததும் சாவியைத் தூக்கி ஆட்டி, பத்திரமாக இருக்கிறது என்று கட்டைவிரலைக் காட்டினார்.

அவள் சாவியைப் பார்த்தாள். கேட்டைப் பார்த்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லா பூட்டுதீங்க" என்றாள்.

பிறகு சுவரோரம் இருந்த போளிக் கூடையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். கம்பி போட்ட ஜன்னல்தான், ஆள் நுழைய முடியாது, கை நுழையும். அந்தப் பக்கம் வண்டிகள் நிற்கிற முற்றம். அங்கே ஒரு சின்னக் குழந்தை தனியாக விளையாடிக்கொண்டிருந்தது. ஒரு போளியை மடித்து வெளியே நீட்டி, "மோளே, இந்நா போளி" என்றாள். குழந்தை வாங்கிக் கடித்தது. குழந்தையைத் தேடிவந்த அம்மாவுக்கு ஒன்று. அதைப் பார்த்த டிரைவருக்கு ஒன்று.

அவ்வளவுதான் அவள் செய்தது. யாரையும் கூப்பிடவில்லை, யாரையும் அதட்டவில்லை. டிரைவர் வராந்தாவைப் பார்த்து, "போளி இவிடெயாணே!" என்று ஒரு குரல் கொடுத்தார். கூட்டத்தின் வாலில் நின்றவர்கள் திரும்பினார்கள். வால் திரும்பினால் இடுப்பும் திரும்பும்தானே. ஹெட்மிஸ்ட்ரஸ் வக்கீலை விட்டுவிட்டு ஓடினார். வக்கீல் ஹெட்மிஸ்ட்ரஸை முந்தினார்.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. நான் இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்து, காலைத் தரையில் ஊன்றி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்தப் பக்கத்தில் கனமே இல்லை. கொக்கி தானாகக் கழன்றது. கேட் ஒரு பக்கம் பறந்தது. நான் மல்லாந்து விழுந்தேன், விசில் பல்லுக்கு நடுவில். மூச்சு விடும்போதெல்லாம் 'ப்ர்ர்ர்' என்றது.

மாப்பிள்ளை வீட்டார் அமைதியாக, கம்பீரமாக, நான் ஆசைப்பட்ட மாதிரியே ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். என்னைச் சுற்றி நடந்து போனார்கள். அவர்களில் ஒரு அம்மா குனிந்து பார்த்து, "பாவம், விசந்நு வீணதா" என்றார். பசியால் விழுந்துவிட்டேனாம்.

கடைசியில் ஒரு நீலச் சட்டை என் தலைக்கு மேல் வந்து நின்றது. ஒரு கன்னம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கம்பித் தடம். சட்டையில் கேட்டின் கிரீஸ்.

"நீதான் பரமசிவமா?" என்றார்.

எழுந்து கும்பிட்டு, "ஆமா மாமா, மன்னிச்சிருங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ப்ர்ர்ர்" என்றேன்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பந்தி நன்றாகத்தான் போனது. பருப்பும் நெய்யும் போனது, சாம்பார் போனது, ஒரு சொட்டு சிந்தவில்லை. பால் பாயச நேரம் வந்தது. கிட்டு சாமி கூடையைக் கொண்டுவரச் சொன்னார். முதல் கூடை காலி. இரண்டாவது கூடையில் போளியைச் சுற்றிய வாழையிலை மட்டும் இருந்தது. திருவனந்தபுரத்தில் போளி இல்லாமல் பால் பாயசம் போடுவது என்றால், அதைவிடப் பாயசம் போடாமலே இருக்கலாம். இலையில் போளியைப் பிய்த்துப் போட்டுத் தயாராக இருக்க வேண்டிய முந்நூறு கை சும்மா இருந்தது.

"போளி எவிடெ?" என்றார் மாப்பிள்ளையின் மாமா. மெதுவாகத்தான் கேட்டார். ஹால் முழுக்கக் கேட்டது. பெண்ணின் அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மாமா எழுந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று எல்லோரும் நடுங்கினோம். அவர் ஜன்னலுக்குப் போனார். வெளியே முற்றத்தில் மிச்சம் ஐந்நூறு பேரும் போளி தின்றுகொண்டிருந்தார்கள். அவருடைய பேரன் இரண்டு கையிலும் இரண்டு வைத்திருந்தான். மாமா உள்ளேயிருந்து கம்பி வழியாகக் கையை வெளியே நீட்டி, முன்பின் தெரியாத ஒருவரிடம், "அரை போளி தருமோ?" என்று கேட்டார். அவர் பிய்த்துக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் முதல் பந்தி முழுக்க எழுந்து ஜன்னலுக்கு ஓடியது. மாப்பிள்ளையும் ஓடினார். ஓடிய ஓட்டத்தில் சாம்பார் வாளி கவிழ்ந்தது.

ராகுகாலத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சிரித்துக்கொண்டேதான் கிளம்பினார்கள். ஆனாலும் கிட்டு சாமி என்னைக் கூப்பிட்டார். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

"பரமசிவம், உன்னை வேலையை விட்டு அனுப்பலே. ஆனா இனிமே நீ எந்தக் கதவையும் தொடப்படாது. கக்கூஸ் கதவைத் தவிர."

மறுநாள் முதல் மறுபடி உப்பு ஊறுகாய்.

சம்பந்தப் பேச்சு அதோடு செத்தது என்று சசி அண்ணனே சொல்லிவிட்டார். நானும் நம்பினேன். பத்து நாள் கழித்து இலைக்கடையிலிருந்து ஆள் வந்தது, வரச் சொன்னார்கள் என்று. நாகலிங்கம் ஏன் சம்மதித்தார் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் அவர் "இவன் வேண்டாம்" என்றுதான் ஆரம்பித்தாராம். மகள் கேட்டாளாம்: "ஏம்ப்பா வேண்டாம்?" "என்னைப் பிரம்பால அடிச்சான் பிள்ளே." "அடி விழுற அளவுக்கு நீங்க எதுக்குப்பா முன்னால போய் நின்னீங்க? மாப்பிள்ளையைப் பாக்கவா, போளியைப் பாக்கவா?" என்னை வேண்டாம் என்று வெளியே சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் சாலையில் பேர்போன இலை வியாபாரி முன்வரிசையில் நின்று தள்ளியதையும் சொல்ல வேண்டும். அதைவிடப் பெண்ணைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாராம். (அவளுக்கு என்னை எதற்குப் பிடித்தது என்று நான் பல தடவை கேட்டுவிட்டேன். "விழுந்து கிடந்தப்ப முகம் நல்லாருந்துச்சு" என்கிறாள்.)

எங்கள் கல்யாணத்தில் சாப்பாட்டு ஹால் கதவைத் திறந்தே வைக்கச் சொன்னவர் உங்கள் தாத்தா. முதலில் உள்ளே ஓடியவரும் அவர்தான். இன்றும் எந்தக் கல்யாணத்தில் என்னைப் பார்த்தாலும், "மாப்ளே, விசில் இருக்கா?" என்று கன்னத்தைத் தடவிக்காட்டுவார். அவர் அப்படிச் செய்யும்போது நீங்கள் இரண்டு பேரும், அவருக்குப் பல்வலி என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

இனி போன் விஷயம். பூட்டிய மறுநாளே, அகில், நீ பக்கத்து வீட்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுப் பையனின் போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை மாடியிலிருந்து பார்த்தேன். ஆதிரா, நீ அம்மா போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் அரைமணி நேரம் இருந்ததும் தெரியும். எனக்குக் கோபம் வரவில்லை. பழைய ஆட்களைப் பார்த்த மாதிரி இருந்தது. போன்கள் அலமாரியில்தான் இருக்கின்றன. அலமாரியை இப்போது பூட்டவில்லை. நாளைக்கு அம்மா போளி போடுகிறாள், நான் மாவு தட்டிக்கொடுக்கப் போகிறேன். அடுக்களையில் இன்னும் இரண்டு பேர் நிற்க இடம் இருக்கிறது. வந்தால் வாருங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. இது உங்கள் அம்மாவுக்கும் தெரியாது.

அன்று மூன்று மணிக்கு மேல் எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்து, எங்கள் ஆட்கள் பின்பக்கத்தில் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சசி அண்ணன் எனக்காக ஒரு இலை போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். நான் வராந்தா வழியாக வந்தேன். ஹாலில் ஒருவரும் இல்லை. நீள மேஜைகள் எல்லாம் துடைத்துக் கிடந்தன. நடுவில் ஒரே ஒரு இலை. அவியல், தோரன், பச்சடி, கொஞ்சம் சோறு, ஓரத்தில் ஒரு பப்படம். எங்கிருந்தோ காப்பாற்றி வைத்த பாதிப் போளி.

உள்ளே போகவில்லை. வெளியே நின்றபடியே அந்தக் கேட்டை இழுத்து மூடினேன். பூட்டவில்லை, கொக்கியும் மாட்டவில்லை, சும்மா மூடினேன். நீலச் சட்டைக்காரர் நின்ற இடத்தில் போய் நின்று, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, கன்னத்தை அந்தக் கட்டத்தில் வைத்து என் இலையைப் பார்த்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நெய் மணம் இன்னும் இருந்தது.

இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

நானும் ஒரு தள்ளு தள்ளினேன்.